கரண்டுச் சட்டியும் நாற்பது பேர் தேத்தண்ணியும்

பதுளை அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக என் பணி அனுபவத்தை நாலு பக்கத்தில் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்ற ஆளிடம் போய் நாலு பக்கம் கேட்பது ஆபத்தான காரியம். கேட்டுவிட்டார்கள், இனி அவர்கள் பாடு. கருவிகளை எப்படிப் பூட்டுவது, எந்த வயர் எங்கே போகும் என்பதெல்லாம் உங்களுக்குத் தந்திருக்கும் கைநூலில் இருக்கிறது. அதை நான் முழுதாகப் படித்ததே இல்லை, நீங்களாவது படியுங்கள். நான் சொல்லப்போவது அதில் இல்லாத விஷயம். அது என் மண்டையில் ஏற ஒரு நல்ல சட்டி கருகவேண்டியிருந்தது.

மின்கம்பி போகாத இடத்திலும், போன கம்பி அறுந்து கிடக்கும் இடத்திலும் மக்கள் கையில் கொஞ்சம் மின்சாரம் இருக்கச் செய்வதுதான் நம் வேலை. முதலில் சூரிய ஒளித் தகடு கொடுத்தோம். மழைக்காலத்தில் ஊவா மலைகளின் வானத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தகடுகளின் கதி தெரியும். பிறகு வந்ததுதான் நெருப்பில் வைக்கும் சட்டி. அதற்கு ஆங்கிலத்தில் மூச்சு வாங்கும் நீளத்தில் ஒரு பெயர் உண்டு. தோட்டத்து மக்கள் முதல் நாளே ‘கரண்டுச் சட்டி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள், அதுவே நிலைத்தது.

பார்ப்பதற்குச் சாதாரண அலுமினியச் சட்டி. அடிப்பாகம் மட்டும் இரண்டு தகடு. கீழ்த் தகட்டில் நெருப்பு படும், மேல் தகட்டில் தண்ணீர் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் பிஸ்கட் அளவில் ஒரு வில்லை. கீழே சூடும் மேலே குளிருமாக இருக்கும்வரை அந்த வில்லையில் மின்சாரம் வரும். கைப்பிடிக்கு அருகில் போன் வயர் சொருக ஒரு துளை, பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு. பச்சை எரிந்தால் மின்சாரம் போதும். சிவப்பு எரிந்தால் போதாது. மலையோ காடோ, எங்கே நாலு சுள்ளி கிடைக்கிறதோ அங்கே ஒரு போனுக்கு உயிர் கொடுத்துவிடலாம்.

இதில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று. நெருப்பை எவ்வளவு கூட்டினாலும் மேலே குளிர் இல்லாவிட்டால் பலன் இல்லை. தண்ணீர் சூடாகச் சூடாக மின்சாரம் குறையும். தண்ணீர் வற்றிப்போனால் வில்லை வெந்துவிடும், அதன்பிறகு அந்தச் சட்டியைக் கோழிக்குத் தீனி வைக்கத்தான் கொடுக்கலாம். இதை நான் எத்தனையோ கூட்டங்களில் விளக்கியிருக்கிறேன். விளக்குவதில் எனக்கு அந்தக் காலத்தில் அளவில்லாத பிரியம்.

முதல் கூட்டம் பெரகலைக்கும் ஹல்துமுல்லைக்கும் நடுவே, பிரதான வீதியிலிருந்து மேலே ஏறிப்போகும் ஒரு தோட்டத்தில் நடந்தது. கொழுந்து பறிக்கும் மலையில் காலைத் தேத்தண்ணி நேரமாகப் பார்த்து வைத்தேன். அப்போதுதான் எல்லோரும் கூடையை இறக்கிவிட்டு ஓரிடத்தில் நிற்பார்கள். அந்த மலையில் தேத்தண்ணி போடும் பொறுப்பு ராசம்மா அக்காவுடையது. ஐம்பதைத் தாண்டியவர். முழங்கால் வலியால் மேட்டில் ஏறிக் கொழுந்து பறிக்க முடியாமல் போனபின் கங்காணி அவரை அடுப்புக்கு மாற்றியிருந்தார். அவரைப் பார்த்தால் மாற்றப்பட்ட ஆள் மாதிரி இருக்காது. அந்த மலைக்கே அடுப்புதான் அலுவலகம், மற்றதெல்லாம் கிளை என்பது போல இடுப்பில் கைவைத்து நிற்பார்.

“அக்கா, இன்னக்கி ஒங்க கேத்தல எறக்கி வைங்க. நம்ம சட்டிய வைப்போம்” என்றேன்.

அவர் கேத்தலை இறக்கினார். சட்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, “இதுல எத்தன பேருக்குக் காணும்?” என்று கேட்டார்.

நான் அந்தக் கேள்வியைக் காதில் வாங்கவில்லை. தண்ணீர் ஊற்றி, நெருப்பில் வைத்து, பச்சை விளக்கு எரிந்ததும் கூட்டத்தின் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்தேன். சூடு என்றால் என்ன, குளிர் என்றால் என்ன, இரண்டும் சேரும்போது என்ன நடக்கிறது என்று நீட்டி முழக்கினேன். சனங்கள் அவ்வளவு கவனமாகக் கேட்டார்கள். என் முகத்தைப் பார்க்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அவர்கள் என் தோளுக்கு மேலாக ராசம்மா அக்காவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. பேச்சின் நடுவில் யாரோ என் கையில் ஒரு டம்ளரைக் கொடுத்தார்கள். இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணி. குடித்தேன். அருமையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, “இந்தச் சட்டியில் எக்காரணம் கொண்டும் தண்ணீர் வற்றக்கூடாது” என்ற இடத்துக்கு வந்தேன்.

அப்போதுதான் நாற்றம் வந்தது. திரும்பிப் பார்த்தால் சட்டி காலி. விளக்கு பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. நான் விளக்கிக்கொண்டிருந்த கருவியை நானே இஞ்சி போட்டுக் குடித்து முடித்திருந்தேன்.

“என்ன வேல பாத்து வச்சிருக்கீங்க?” என்று ராசம்மா அக்காவின் மேல் பாய்ந்தேன்.

அவர் பதறவில்லை. “அடுப்புல தண்ணி கொதிக்குது. முப்பது பேரு வாய் வறண்டு நிக்கிறாங்க. வெளியூர்ல இருந்து ஒரு ஆளும் வந்திருக்காரு. தேத்தண்ணி போடாம கொதிக்கிற தண்ணிய வேடிக்க பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா சேர்?” என்றார்.

தோட்டத்தில் இருக்கும் எவரும் இந்தக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்று பதில் சொல்லமாட்டார்கள். அங்கே அடுப்பில் தண்ணீர் கொதித்தால் அது தேத்தண்ணிக்குத்தான். வேறு எதற்காகவாவது ஒருவன் தண்ணீரைக் கொதிக்கவைக்கிறான் என்றால் வீட்டில் குழந்தை பிறந்திருக்க வேண்டும் அல்லது அவனுக்குப் புத்தி பேதலித்திருக்க வேண்டும். பதுளையிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாததில்லை. கையில் அலுவலகக் கருவி இருந்ததால் மறந்துபோயிற்று.

அலுவலகத்துக்குத் திரும்பி அறிக்கை எழுதினேன். ‘பாவனையாளரின் கவனயீனத்தால் கருவி பழுதடைந்தது’ என்று ஒரே வரி. எங்கள் மேலதிகாரி அதிகம் பேசாத மனிதர். அறிக்கையைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“தேத்தண்ணி நல்லா இருந்திச்சா?”

“இஞ்சி போட்டிருந்தாங்க சேர்” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

அவர் பேனாவை எடுத்து என் வரியை அடித்தார். மேலே, ‘எமது உத்தியோகத்தர் அளவுக்கு மீறிப் பேசியதால் கருவி பழுதடைந்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாள் இன்னும் கோப்பில் இருக்கும். வேண்டுமானால் தேடிப் பாருங்கள், நான் வெட்கப்படமாட்டேன். அன்றைக்குப் பட்டது போதும்.

சரி, இனி பெரிய கதைக்கு வருகிறேன்.

அடுத்த மழைக்காலத்தில் விடாமல் பெய்து அந்தப் பக்கத்தில் மலை இறங்கிவிட்டது. வீதியில் மண், மின்கம்பங்கள் பள்ளத்தில். ராசம்மா அக்காவின் தோட்டத்தில் யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் லய வீடுகளுக்குப் பின்னால் நிலம் வெடித்திருந்ததால் சனங்களைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் இருத்தியிருந்தார்கள். மூன்று நாளாகக் கரண்டு இல்லை, வெயில் இல்லை, வெளியுலகத் தொடர்பும் இல்லை. நான்காம் நாள் காலையில்தான் மண்சரிவைத் தாண்டி ஆட்கள் நடந்து போக விட்டார்கள். நான் ஒரு கரண்டுச் சட்டியைச் சாக்கில் கட்டி முதுகில் போட்டுக்கொண்டு பெரகலையிலிருந்து நடந்தேன். அங்கேயும் கரண்டு இல்லை, கடைகளில் மெழுகுதிரியை வைத்துக்கொண்டு மெழுகுதிரி விற்றுக்கொண்டிருந்தார்கள். மண்சரிவைத் தாண்டும்போது என் போன் சட்டைப் பையிலிருந்து ஓடைக்குள் போயிற்று. நான் குனிந்ததால் விழுந்தது என்று என் மனைவி சொல்வாள். அது தானாகத்தான் குதித்தது.

பள்ளிக்கூடத்தை அடைந்தபோது மணி பத்தாகப் போகிறது. வாசலிலேயே ராசம்மா அக்கா நின்றார். பக்கத்தில் அவருடைய மகள் கௌரி, கையில் ஒரு பழைய போனோடு. அக்கா என்னைக் கண்டதும் பழைய சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. நேரே சாக்கைத் தொட்டுப் பார்த்தார்.

“சேர், அந்தச் சட்டிதானா இது?”

“அந்தச் சட்டி இல்ல, அதோட தம்பி. ஏன்க்கா?”

விஷயம் இதுதான். கௌரிக்கு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. இரண்டு தடவை பரீட்சை எழுதி, இரண்டாம் தடவையில் கிடைத்த இடம். அந்த இடம் வேண்டும் என்பதை அவள் விண்ணப்பத்தில் கொடுத்த எண்ணிலிருந்தே அழைத்து, தன் வாயால் சொல்லி உறுதி செய்ய வேண்டும். கடைசி நாள் அன்றுதான், கடைசி நேரம் பகல் பன்னிரண்டு. தவறினால் இடம் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். நடந்து இறங்கிப் போனால் பன்னிரண்டுக்குள் எந்த ஊரையும் பிடிக்க முடியாது. பிடித்தாலும் அங்கேயும் கரண்டு இல்லை. கௌரி அழவில்லை. அழுது முடித்திருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது.

“எல்லாரும் போன சொருகி வச்சு வச்சு பாத்தாச்சு சேர். கரண்டுதான் வரல” என்றாள்.

தோட்டத்தில் சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில். பள்ளிக்கூடத்துக்கு மேலே இருக்கும் பெரிய பாறை, அதற்கு டவர் கல் என்று பெயர். கௌரியின் போனோ வயரைக் கழற்றிய அந்த நொடியே கண்ணை மூடிக்கொள்ளும் ரகம். சிம்மை எடுத்து வேறு போனில் போடலாம் என்றால் மற்ற போன்களும் செத்துத்தான் கிடந்தன, எதற்கு உயிர் கொடுப்பதென்றாலும் நேரம் ஒன்றுதான். ஆகவே நெருப்பு, சட்டி, தண்ணீர், போன், பெண் எல்லாமே அந்தப் பாறைமேல் ஒன்றாக இருக்க வேண்டும். கூப்பிட்டுப் பேசி முடியும்வரை பச்சை விளக்கு அணையக்கூடாது.

பாறையில் ஏறினோம். பின்னாலேயே நாற்பது பேர் ஏறினார்கள். வேலையில்லாத நாளில் ஒருவன் சாக்கு மூட்டையோடு பாறையில் ஏறினால் யார்தான் பின்னால் போகமாட்டார்கள்? காற்று ஆளைத் தள்ளியது, தூறலும் இருந்தது. நான் நெருப்புப் பற்றவைக்க முயன்றேன். விறகு ஈரம். அலுவலகப் படிவங்களைக் கொளுத்தினேன். அவை மட்டும் நன்றாக எரிந்தன. அரைப் பெட்டி நெருப்புக்குச்சி போனபிறகு ராசம்மா அக்கா என் கையிலிருந்து பெட்டியைப் பிடுங்கினார்.

“நவுருங்க சேர்.”

பள்ளிக்கூடத்துக் கூரைக்கடியில் கட்டி வைத்திருந்த காய்ந்த கவ்வாத்துக் குச்சியைக் கொண்டுவரச் சொன்னார். தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது கிடைக்கும் அந்தக் குச்சிதான் தோட்டத்து அடுப்பின் உயிர். பெண்கள் கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குகளைப் பிரித்து நாலு பக்கமும் காற்றுக்குத் திரையாகப் பிடித்தார்கள். ஒரே குச்சியில் தீ பிடித்தது. சட்டியில் ஓடைத் தண்ணீர் ஊற்றினோம். விளக்கு பச்சையானது. போன் மெதுவாகக் கண் விழித்தது. மணி பத்தரையைத் தாண்டியிருந்தது. கௌரி எண்ணை அழுத்தினாள், ஒலியைப் பெரிதாக வைத்தாள்.

முதலில் சிங்களத்தில், பிறகு தமிழில், பிறகு ஆங்கிலத்தில் ஒரு பதிவுக் குரல் வந்தது. ‘நீங்கள் தற்போது வரிசையில் இருபத்தாறாவது இடத்தில் இருக்கிறீர்கள். தயவுசெய்து காத்திருக்கவும்.’ அதன்பின் புல்லாங்குழல்.

“லைன்ல நிக்கணுமாம்” என்று யாரோ பெருமூச்சு விட்டார்கள். தோட்டத்து மக்களுக்கு வரிசை புதிதல்ல. எல்லோரும் குந்தி உட்கார்ந்தார்கள்.

நான் உட்காரவில்லை. என் கண் விளக்கின் மேல். பத்து நிமிடத்தில் தண்ணீர் சூடாகி விளக்கு சிவப்பை நோக்கிச் சிமிட்டத் தொடங்கியது. நான் செய்யவேண்டியது எனக்குத் தெரியும். சுடுதண்ணீரை மொண்டு பாறையில் ஊற்றினேன். பச்சைத் தண்ணீரைச் சட்டியில் விட்டேன். விளக்கு பச்சையானது. இன்னும் ஒரு கோப்பை மொண்டேன்.

என் மணிக்கட்டை ராசம்மா அக்கா பிடித்துக்கொண்டார்.

“என்ன செய்றீங்க சேர்?”

“சூடு எறங்கணும் அக்கா. விடுங்க.”

“மூணு நாளா நனஞ்ச துணியோட இருக்கிற சனம் சுத்தி நிக்கிது. அதுங்க கண்ணுக்கு முன்னால சுடுதண்ணிய தரையில ஊத்துறீங்க. கொஞ்சமாச்சும் இருக்கா?”

என்ன இருக்கிறதா என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. சுற்றிப் பார்த்தேன். நாற்பது முகமும் பாறையில் ஆவி பறந்துகொண்டிருந்த அந்தக் குட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. எனக்குக் கோபம் வந்தது. “ஒங்க மகளுக்காகத்தானே செய்றேன்” என்று கத்தினேன். “தேத்தண்ணி குடிக்கிற நேரமா இது?”

“அவளுக்காகத்தான் நானும் சொல்றேன். சுடுதண்ணி வெளிய போகணும், பச்சத்தண்ணி உள்ள வரணும், அவ்வளவுதானே? வெளிய போற தண்ணி எங்க போனா ஒங்களுக்கென்ன?”

இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த தொழில்நுட்ப ஆலோசனை அதுதான். வெட்கமாக இருந்தது. முதல் தடவை சட்டியைக் கருக வைத்ததே தேத்தண்ணி என்று மனதுக்குள் ஒரு பகையை வளர்த்து வைத்திருந்தேன். மொண்ட அளவுக்குத் திரும்ப ஊற்றினால் அதே தேத்தண்ணிதான் சட்டியைக் காப்பாற்றும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிள்ளைகளே, உங்கள் வாழ்க்கையிலும் இப்படி ஒரு நிமிடம் வரும். கருவியைப் பற்றி அதிகம் தெரிந்தவன் நான், நெருப்பைப் பற்றி அதிகம் தெரிந்தவர் அவர். பன்னிரண்டு மணிக்கு ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. சட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் சுமக்கப் போனேன். என் முப்பது வருட வேலையில் நான் எடுத்த ஒரே நல்ல முடிவு என்று என் மேலதிகாரி பிற்பாடு சொன்னார். அது கொஞ்சம் அதிகம்தான்.

அதன்பிறகு ராசம்மா அக்காவின் ஆட்சி. சட்டித் தண்ணீரில் நேரே தூளைப் போட அவர் சம்மதிக்கவில்லை. “அரைச்சூட்டுத் தண்ணியில சாயம் எறங்காது” என்று பக்கத்தில் இன்னொரு நெருப்பை மூட்டி பள்ளிக்கூடத்திலிருந்து தூளும் டம்ளருமாக வரவழைத்த தன் கேத்தலை அதில் வைத்தார். சட்டியிலிருந்து மொண்ட தண்ணீர் கேத்தலுக்கு, கேத்தலில் கொதித்தது டம்ளருக்கு, டம்ளர் சனங்களுக்கு. ஓடையிலிருந்து பாறைவரை ஆட்கள் நின்று வாளி வாளியாகக் குளிர்ந்த தண்ணீரைக் கைமாற்றினார்கள். அவர் விளக்கைப் பார்க்கவே இல்லை. சட்டியின் சத்தத்தைக் கேட்டே, “ஊத்து” என்பார். அவர் சொன்ன பிறகுதான் விளக்கு சிமிட்டத் தொடங்கும். அதற்குள் குளிர்ந்த தண்ணீர் உள்ளே போயிருக்கும்.

‘நீங்கள் தற்போது வரிசையில் பதினெட்டாவது இடத்தில் இருக்கிறீர்கள்.’

எல்லோருக்கும் ஒரு டம்ளர் முடிந்தது. பதின்மூன்றாவது இடத்தில் இரண்டாவது டம்ளர். எட்டாவது இடத்துக்கு வந்தபோது மூன்றாவது சுற்றை வேண்டாம் என்று சிலர் கையை ஆட்டினார்கள்.

“குடி. புள்ள படிப்பு” என்றார் அக்கா. குடித்தார்கள். பாறைக்குப் பின்பக்கம் போய்வருவோர் கூட்டம் கூடியது. போனவர்கள் திரும்பி வந்து மறுபடி டம்ளரை நீட்டினார்கள். இப்படிப்பட்ட ஒத்துழைப்பை நான் எந்தத் திட்டத்திலும் கண்டதில்லை.

நான்காவது இடத்தில் ஆபத்து வந்தது. ஒருவராலும் இனி ஒரு மடக்கும் குடிக்க முடியவில்லை. கேத்தல் நிரம்பியிருந்தது. சட்டி பாட ஆரம்பித்துவிட்டது. மணி பதினொன்றே முக்கால். கௌரி என்னைப் பார்த்தாள், நான் அவளுடைய அம்மாவைப் பார்த்தேன். அக்காவின் கையில் ஒரு கோப்பை சுடுதண்ணீர். அதைத் தரையில் ஊற்ற அவருக்குக் கை வரவில்லை. மகளுடைய எதிர்காலம் ஒரு பக்கம், வாழ்நாள் பழக்கம் ஒரு பக்கம், நடுவில் அந்தக் கோப்பை. விளக்கு சிமிட்டியது.

கூட்டத்தில் மிக மூத்தவரான கருப்பையா தாத்தா எழுந்து வந்தார். வேட்டியை முழங்கால்வரை தூக்கினார். அட்டை கடித்து வெளுத்துப்போன இரண்டு கால்களையும் அக்காவுக்கு முன்னால் நீட்டினார்.

“இதுல ஊத்து தாயி. மூணு நாளா வெறச்சுப் போயிருக்கு.”

கொஞ்சம் பச்சைத் தண்ணீர் கலந்து ஊற்றினார். தாத்தா கண்ணை மூடிக்கொண்டார். “ஆகா” என்றார். அடுத்த நிமிடம் அவருக்குப் பின்னால் நாற்பது பேரும் காலைக் காட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். போனில் ஒரு வரிசை, பாறையில் ஒரு வரிசை. விளக்கு பச்சைக்குத் திரும்பியது. பாறைமேல் இருந்த வரிசைதான் ஒழுங்காக நகர்ந்தது.

புல்லாங்குழல் நின்றது.

“வணக்கம், பேர் சொல்லுங்க” என்றது ஒரு பெண் குரல்.

கௌரி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அக்கா திரும்பாமலே காலால் அவளை ஒரு தட்டுத் தட்டினார். பெயர் வந்தது. அடையாள அட்டை இலக்கம் வந்தது. விண்ணப்ப இலக்கம் வந்தது, அதில் ஓர் எண்ணை மாற்றிச் சொல்லித் திருத்தினாள்.

“பின்னால என்ன தண்ணி ஊத்துற சத்தம்?”

“கால் கழுவுறாங்க மிஸ்.”

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம். “இந்த இடத்த நீங்க ஏத்துக்கிறீங்களா?”

“ஆமாங்க மிஸ். ஏத்துக்கிறேன் மிஸ்.”

“கொஞ்சம் இருங்க.”

மறுபடி புல்லாங்குழல். நாற்பது பேர் ஒற்றைக் காலில் நின்றார்கள். சொல்லுக்குச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், மற்றக் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நான் கடவுளை நினைத்தேன். நானோ கிறிஸ்தவன், சுற்றி நின்றவர்கள் மாரியம்மனை அழைத்துக்கொண்டிருந்தார்கள், யாருக்குக் கேட்டதோ தெரியாது.

“பதிஞ்சாச்சு கௌரி. கடிதம் வரும். நல்லாப் படிங்க.”

கௌரி போனைப் பிடித்தபடியே பாறையில் உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுதாள். யாரும் கை தட்டவில்லை. பெண்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கும் கண் கலங்கியது. புகைதான் காரணம் என்று சொல்ல வசதியாக இருந்தது, சொன்னேன். ராசம்மா அக்கா மட்டும் சட்டியில் மொள்வதையும் ஊற்றுவதையும் நிறுத்தவில்லை.

“போதும் அக்கா. முடிஞ்சிருச்சு” என்றேன்.

“முடியல சேர்” என்றார்.

அவர் பார்த்த திசையில் பார்த்தேன். இடுப்பு மடிப்பிலிருந்தும், சட்டைப் பையிலிருந்தும், சீனி வந்த பொலித்தீன் பையில் சுற்றியும் ஒவ்வொருவராகப் போனை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். பத்து மணியிலிருந்து அந்த நெருப்பைச் சுற்றி நின்ற அத்தனை பேரிடமும் செத்த போன் இருந்திருக்கிறது. கொழும்புக் கடைகளில் மகன்கள், வெளிநாட்டு வீடுகளில் மகள்கள். மண்சரிவுச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு மூன்று நாளாகப் பதில் வராத எண்ணை அழுத்திக்கொண்டிருப்பவர்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒருவர்கூட ‘எனக்கும் ஒரு நிமிஷம்’ என்று கேட்கவில்லை. இருக்கும் மின்சாரம் கௌரிக்கு மட்டும்தான் போதும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. குடித்தார்கள், தண்ணீர் சுமந்தார்கள், படங்கைப் பிடித்தார்கள். உங்களுக்கும் யாரிடமாவது பேச வேண்டுமா என்று அவர்களிடம் நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை என்பது இப்போது எழுதும்போதும் உறுத்துகிறது. நீங்கள் போகும் இடங்களிலும் சனங்கள் அப்படித்தான் இருப்பார்கள். அவர்களாகக் கேட்கமாட்டார்கள். நீங்கள் கேளுங்கள்.

சட்டியைக் கட்ட எடுத்த சாக்கை மடித்து ஓரமாக வைத்தேன். கௌரி கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் சிம்மைக் கழற்றிவிட்டு, மூத்தவர் என்று கருப்பையா தாத்தாவின் சிம்மை முதலில் போட்டாள். தாத்தா கொழும்பில் இருக்கும் மகனை அழைத்தார். முதல் மணியிலேயே எடுத்தான். வளர்ந்த ஆண்பிள்ளை ஒருவன் கதறி அழுவது பாறையில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. தாத்தா போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்து, அவன் அழுது முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார்.

“எல்லாரும் இருக்கோம்ப்பா. ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல” என்றார்.

அவன் ஏதோ கேட்டான். தாத்தா நெருப்பைப் பார்த்தார், கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார்.

“தேத்தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்கோம்” என்றார். “சீனிதான் கொஞ்சம் கம்மி.”